‘பார்த்தேன்’ என்பதும் ‘பார்த்தாராம்’ என்பதும்: விநோத அனுபவங்களைச் சேகரித்தவர்கள், எடைபோட்டவர்கள்

1875 ஜனவரியில் ஓர் இரவு. ஷாங்காய் நகரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சர் எட்மண்ட் ஹார்ன்பி தூங்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் சொல்லவேண்டிய தீர்ப்பின் சுருக்கத்தை எழுதி, உறையிலிட்டு, பத்திரிகைக்காரர்கள் வந்தால் கொடுக்கச் சொல்லி வேலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் படுத்திருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் அறைக்கதவு தட்டப்படுகிறது. உள்ளூர் நாளிதழின் ஆசிரியர் உள்ளே வருகிறார். முகம் வெளிறிக் கிடக்கிறது. தீர்ப்பை வாய்ச்சொல்லாகவாவது சொல்லுங்கள் என்று மன்றாடுகிறார். வேறு வழியின்றி நீதிபதி சொல்ல, வந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மனைவி கண்விழித்து, யாரோடு பேசினீர்கள் என்று கேட்கிறார். நீதிபதி நடந்ததைச் சொல்கிறார். மறுநாள் நீதிமன்றத்தில் அவருக்குச் செய்தி காத்திருக்கிறது. அந்த ஆசிரியர் முந்தின இரவு ஒரு மணி வாக்கில் தன் வீட்டிலேயே இறந்துபோனார். பக்கத்தில் குறிப்பேடு கிடந்தது. அதில் தீர்ப்புச் செய்தியின் தொடக்க வரி இருந்தது. மரண விசாரணை நடத்தி, இதயக் கோளாறு என்று முடிவு கட்டினார்கள்.

1884இல் ‘நைன்டீன்த் செஞ்சுரி’ என்ற லண்டன் இதழில் இது வெளியானது. எழுதியவர்கள் எட்மண்ட் கர்னியும் ஃபிரெடரிக் மயர்ஸும். சொன்னவர் ஒரு தலைமை நீதிபதி. தம்மைப் பொறுத்த அளவில் எல்லாம் சரியே என்று அவர் மனைவியும் உறுதி கூறியிருந்தார். இதைவிடக் கெட்டியான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

சில மாதங்களில் ஷாங்காயை நன்கறிந்த பால்ஃபர் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். அந்த ஆசிரியர் இறந்தது நள்ளிரவில் அல்ல. இரவெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டுக் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இறந்தார். மரண விசாரணை எதுவும் நடக்கவில்லை. மறுநாள் சொல்லப்பட்டதாகக் கூறும் தீர்ப்புக்குப் பதிவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஜனவரியில் நீதிபதிக்கு மனைவியே கிடையாது. முந்தைய மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். சாட்சி சொன்ன மனைவியை அவர் மணந்தது மூன்று மாதம் கழித்துத்தான்.

கடிதத்தைப் பார்த்த ஹார்ன்பி சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நம்பித்தான் சொன்னேன், என் நினைவை நம்பலாம் என்று எண்ணித்தான் சொன்னேன் என்றார். அவரை நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவர் நினைவே அவருக்குள் உட்கார்ந்து இந்தக் கதையைச் செதுக்கி முடித்திருக்கிறது. கேட்டுக் கேட்டு மனைவிக்கும் அது தன் நினைவாகவே ஆகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் பிறர் சாட்சியத்தை எடைபோட்ட மனிதருக்கே இது நேர்ந்தது.

விநோத அனுபவங்களைச் சேகரித்தவர்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் திரும்பி வருவது இந்த வழக்குக்குத்தான். ‘படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர், அவர் ஏன் பொய் சொல்லப்போகிறார்’ என்றுதான் இன்றும் நம் வீடுகளில் பேய்க் கதைக்கு எடை போடுகிறோம். கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. நேர்மையை அளந்து பயனில்லை. நடந்ததற்கும் முதன்முதலாக எழுதிவைத்ததற்கும் நடுவில் எத்தனை நாள், எத்தனை வாய் என்பதே எடைக்கல்.

தமிழ் இதை இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. ‘புளியமரத்தடியில் ஒரு பெண் நின்றாள்’ என்பது வேறு, ‘நின்றாளாம்’ என்பது வேறு. ‘ஆம்’ என்ற அந்தச் சின்ன ஒட்டு, நான் பார்க்கவில்லை, கேட்டேன் என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தனியாக ஒரு தொடர் சேர்க்கவேண்டும், சேர்க்காமலும் விட்டுவிடலாம். நம்மிடமும் கதை நாலு கை மாறும்போது முதலில் உதிர்வது அந்த ‘ஆம்’தான். சித்தப்பாவின் நண்பர் பார்த்ததாகக் கேட்டது, ஐந்து வருடம் கழித்துச் சித்தப்பாவே பார்த்ததாக ஆகிவிடும். சேகரிப்பவரின் முதல் வேலை, உதிர்ந்த ‘ஆம்’ ஒவ்வொன்றையும் தேடி எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டுவது.

இந்த வேலையை ஒழுங்காகத் தொடங்கியவர்கள் 1882இல் லண்டனில் ‘சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச்’ என்ற சங்கத்தை நிறுவியவர்கள். முதல் தலைவர் கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக். கர்னி, மயர்ஸ், ஃபிராங்க் பாட்மோர் மூவரும் 1886இல் ‘ஃபாண்டஸம்ஸ் ஆஃப் தி லிவிங்’ என்ற இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார்கள். உள்ளே 702 சம்பவங்கள். பெரும்பாலானவை ஒரே வார்ப்பு: தொலைவில் ஒருவர் சாகிற நேரத்தில் இங்கே உறவினர் கண்ணில் அவர் உருவம் தெரிவது. அவர்கள் கடிதங்களைத் திரட்டியதோடு நிற்கவில்லை. நேரில் போய்க் கேட்டார்கள். நேரடியாகக் கண்டவர் சொல்வதையும் கேட்டவர் சொல்வதையும் பிரித்து அடுக்கினார்கள். அன்றைக்கு அது புதுமை.

அதற்கு வந்த மிகக் கூர்மையான கேள்வி ஒரு ஸ்காட்லாந்து வழக்கறிஞரிடமிருந்து வந்தது. 1887இல் டெய்லர் இன்னஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘கடிதங்கள் எங்கே?’ என்பதுதான். உருவத்தைப் பார்த்தவர்களில் பலர், மரணச் செய்தி வருவதற்கு முன்பே இதைக் கடிதத்தில் எழுதினேன், நாட்குறிப்பில் குறித்தேன் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அந்தக் கடிதத்தை, தபால் முத்திரையோடு, காட்டுங்கள். எழுநூறு சம்பவங்களில் ஒன்றுக்காவது சந்தேகத்துக்கு இடமில்லாத அப்படியொரு தாள் இருக்கிறதா? கர்னி பதில் எழுதினார், சிலவற்றை முன்வைத்தார். ஆனால் கேள்வியின் கனம் குறையவில்லை. இந்தத் துறையில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் கேள்வி அதுவே.

சங்கத்தின் அடுத்த முயற்சி இன்னும் பெரியது. 1889 முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், 410 தன்னார்வலர்கள் 17,000 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: முழு விழிப்பில் இருக்கும்போது, வெளியில் காரணம் எதுவும் தெரியாமல், ஓர் உருவத்தைக் கண்டதாகவோ குரல் கேட்டதாகவோ யாரோ தொட்டதாகவோ உங்களுக்கு எப்போதாவது தெளிவாகப் பட்டதுண்டா? கனவையும் காய்ச்சல் பிதற்றலையும் கழித்தபின் ‘உண்டு’ என்றவர்கள் 1,684 பேர். அதாவது பத்தில் ஒருவர்: ஆண்களில் 7.8 விழுக்காடு, பெண்களில் 12 விழுக்காடு. அறிக்கை 1894இல் வெளியானது. அதில் பெரும்பங்கு உழைப்பு எலினார் சிட்ஜ்விக்குடையது. கணிதம் கற்ற பெண்மணி. அந்தத் தாள்களில் தெரியும் பொறுமையைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோமே, அதை எண்ணால் சோதித்த முதல் பெரிய முயற்சி அது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 19 பேர் இறந்தார்கள். அப்படியானால் ஒருவரின் உருவம் உங்களுக்குத் தெரியும் அதே நாளில் அவர் தற்செயலாக இறந்திருக்க வாய்ப்பு 19,000இல் ஒன்று. தெரிந்த மனிதர்களின் உருவத்தைக் கண்ட சம்பவங்கள் கையில் இருந்தவை முந்நூற்றுச் சொச்சம். ஆனால் சாவோடு சேராத உருவங்களை மக்கள் மறந்துவிடுவார்கள் என்பதை எலினார் கண்டுகொண்டார். சென்ற ஆண்டு கண்டதாகச் சொன்னவை நிறைய, பத்தாண்டுக்கு முன் கண்டவை மிகக் குறைவு. மனிதர்கள் திடீரென்று அதிகம் காணத் தொடங்கியிருக்க மாட்டார்கள், பழையவை மறந்துபோயின. அதனால் மொத்தத்தை நான்கால் பெருக்கி 1,300 என்று வைத்தார். சாவோடு சேர்ந்தவற்றில் ஐயத்துக்கு இடமானவற்றையெல்லாம் தள்ளி 30 மட்டும் எடுத்துக்கொண்டார். ஆக, 43இல் ஒன்று. தற்செயலைவிட ஏறக்குறைய 440 மடங்கு. தன் முடிவுக்குப் பாதகமான பக்கம் பெருக்கி, சாதகமான பக்கம் கழித்துப் போட்ட கணக்கு அது. அந்த நாணயம் எளிதில் கிடைப்பதல்ல.

இருந்தும் கணக்கு நிற்கவில்லை. 410 சேகரிப்பாளர்கள் தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்கவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டார்கள். ‘அந்த அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறதே’ என்று தெரிந்து அவரிடம் போயிருந்தால், அந்த 30 எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை வேறு. சங்கம் இதை உணர்ந்தே இருந்தது, கழிக்கவும் முயன்றது. ஆனால் முழுவதும் கழிக்க வழியில்லை. அதற்கும் அடியில் ஹார்ன்பியின் நோய் இருக்கிறது. செவ்வாய் இரவு கண்ட உருவம், வியாழன் சாவுச் செய்தி வந்தபின், நினைவில் மெல்ல நகர்ந்து புதன் இரவில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேதியிட்ட தாள் இல்லாதவரை அந்த நகர்வை யாரும் பிடிக்க முடியாது.

நினைவு இப்படி நகரும் என்பது வெறும் ஊகமாக நிற்கவில்லை. கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ‘ரிமெம்பரிங்’ நூலில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை வாசகர்களுக்குக் கொடுத்து, நாள்கள், மாதங்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். அது பேய்களின் போர் பற்றிய கதை. சொல்லச் சொல்ல, புரியாத பகுதிகள் கழன்று விழுந்தன. தோணி படகாயிற்று. கதை சொல்பவரின் உலகத்துக்கு ஏற்ப ஒழுங்காயிற்று. பேய்கள்கூடச் சிலர் வாயில் காணாமல் போயின. கதை கெட்டுப்போவதில்லை, நன்றாகிறது என்பதுதான் இதில் ஆபத்து. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் பொருத்தமாகவும் கொஞ்சம் அழகாகவும் ஆகிறது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைஸர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து 44 பேரை மறுபடியும் எழுதச் சொன்னார். நான்கில் ஒரு பங்கினர் முக்கிய விவரம் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். தவறாகச் சொன்னவர்கள் தயங்கவும் இல்லை, உறுதியோடு சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தில் இருந்த பழைய தாளை நீட்டியபோதும் அசல் நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

என் பெரியம்மா, தன் அண்ணன் வெளியூரில் இறந்த இரவில், வாசலில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதாகச் சொல்வார். நான் சின்ன வயதில் கேட்டபோது வெறும் கேட் சத்தம்தான். அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. என் கல்யாணத்தின்போது சொன்னதில் அது சைக்கிள் மணியாகிவிட்டது, அவரும் வாசல்வரை போயிருந்தார். இரண்டு முறையும் அவர் கண்ணில் நீர் இருந்தது. முதல் முறை கேட்டதை அன்றே எழுதிவைக்கத் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம். இப்போது என் நினைவையும் நான் நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

இன்னஸ் கேட்ட கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைத்தால் என்ன? அப்படி யோசித்தவர் ஜான் பார்க்கர் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். இதை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று பார்க்கர் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழ் வழியாகக் கேட்டார். 76 கடிதங்கள் வந்தன. விபத்துக்கு முன்பே பிறரிடம் சொன்னதற்கு ஆள் சாட்சி கிடைத்தவை இருபதுக்குச் சற்று அதிகம். அவையும் பின்னால் கேட்டு வாங்கிய சாட்சியங்களே. எனவே 1967இல் அந்த நாளிதழில் முன்னுணர்வுப் பதிவகம் ஒன்றைத் திறந்தார்கள். கனவோ கலக்கமோ, நடக்குமுன் எழுதி அனுப்பவேண்டும். தேதியோடு கோப்பில் சேரும். ஓராண்டுக்கு மேல் ஓடியபின் கணக்குப் பார்த்தார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட முன்னறிவிப்புகளில் பொருந்தியதாகக் கருதியவை 18. அதிலும் 12 இரண்டே பேருடையவை. அந்த இரண்டு பேரைப் பற்றி வியக்கலாம், வியந்தவர்கள் உண்டு. ஆனால் பதிவகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 18 மட்டுமே ஊர் சுற்றியிருக்கும், எழுநூறும் காற்றில் போயிருக்கும். பொருந்தாமல் போனதைக் காப்பாற்றி வைத்ததுதான் பார்க்கர் செய்த காரியம். அவர் 1968இல் இறந்தார்.

எந்த வாசலைத் திறக்கிறோமோ அந்த வாசல் வழியாக வருபவர்கள்தான் வருவார்கள் என்பதும் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கடல் உயிரியலாளரான அலிஸ்டர் ஹார்டி 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமய அனுபவங்களைத் திரட்டும் மையம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் சமயப் பத்திரிகைகளில் வேண்டுகோள் விட்டார். வந்தவை சொற்பம், பெரும்பாலும் வயதான பெண்கள் எழுதியவை. பொது நாளிதழ்களில் கேட்டபின்தான் கடிதங்கள் குவிந்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிசா ரைன் ஆயிரக்கணக்கான கடிதங்களைச் சேர்த்தார். அவர் ஒன்றையும் விசாரிக்கவில்லை. தனிக் கதை எதையும் நிரூபிக்காது, கதைகளின் வார்ப்பு சோதனைக்கூடத்துக்குக் குறிப்புத் தரும் என்பது அவர் நிலை. அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய ‘ப்ளூ புக்’ திட்டத்தில் வானில் கண்ட விநோதங்களாக 12,618 அறிக்கைகள் சேர்ந்தன. 701 அடையாளம் காணப்படாமல் நின்றன. அந்த 701ஐப் பிடித்துக்கொண்டு இன்றும் வாதாடுகிறார்கள். அடையாளம் தெரியவில்லை என்பதற்கு, அடையாளம் காணப் போதிய விவரம் அந்தத் தாளில் இல்லை என்பதும் ஒரு பொருள். எஞ்சி நிற்பது தங்கமாகவும் இருக்கலாம், கசடாகவும் இருக்கலாம். எஞ்சியது என்பதாலேயே எதுவும் ஆகிவிடாது.

இதுவரை சொன்னதெல்லாம் கதையின் மேல் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தோடு நின்றுவிட்டவர்கள் தவறவிட்ட ஒன்று இருக்கிறது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்பவர், எதிரில் இருப்பவர் எதைக் கண்டார் என்று கேட்காமலே எழுந்து போய்விடுகிறார்.

டேவிட் ஹஃபோர்ட் என்ற அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் 1970களின் தொடக்கத்தில் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் தீவில் வேலை செய்தார். ‘கிழச் சூனியக்காரி’ இரவில் வந்து நெஞ்சில் ஏறி உட்காருவாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் அப்படித் தோன்றுகிறது என்பது அறிஞர்களின் வழக்கமான விளக்கம். ஹஃபோர்டுக்கு அது ஒட்டவில்லை. மாணவனாக இருந்தபோது அவருக்கே அது நேர்ந்திருந்தது. அப்போது அந்தத் தீவின் கதை எதையும் அவர் கேட்டதில்லை. அவர் விசாரித்த மாணவர்களில் 23 விழுக்காட்டினருக்கு அது நேர்ந்திருந்தது. கதையே தெரியாதவர்களும் அதையே சொன்னார்கள்: விழித்திருக்கிறேன், அறை தெரிகிறது, கை கால் அசையவில்லை, காலடி ஓசை வருகிறது, யாரோ இருக்கிறார்கள், மார்பு அழுந்துகிறது. 1982இல் அவர் வெளியிட்ட நூல் சேகரிப்பின் இலக்கணத்தையே மாற்றியது.

இன்று அதைத் தூக்க முடக்கம் என்கிறோம். கனவு வரும் தூக்கத்தில், கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து விழாமலிருக்க, மூளை தசைகளைப் பூட்டிவைக்கிறது. சில சமயம் பூட்டு திறக்குமுன் விழிப்பு வந்துவிடுகிறது. கனவின் மிச்சம் அறைக்குள் நடமாடுகிறது. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொது மக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரும் மாணவர்களில் நூற்றுக்கு 28 பேரும் வாழ்வில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருந்தார்கள். ஜப்பானில் இதற்கு ‘கனாஷிபாரி’ என்று பெயர். நம் ஊரில் ‘பேய் அமுக்கிடுச்சு’ என்போம்.

அந்த இரண்டு சொல்லைப் பாருங்கள். ‘அமுக்கிடுச்சு’ என்பது அனுபவம். ‘பேய்’ என்பது விளக்கம். இரண்டும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன. ‘காத்து கருப்பு அண்டிடுச்சு’, ‘முனி அடிச்சிடுச்சு’ எல்லாமே அப்படித்தான். பேய் இல்லை என்று விளக்கத்தைத் தள்ளுபவர், கூடவே அனுபவத்தையும் தள்ளிவிடுகிறார். சொன்னவர் அவமானப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். அமுக்கியது உண்மை என்று அனுபவத்தை ஏற்பவர், கூடவே பேயையும் ஏற்றுவிடுகிறார். இரண்டையும் தனித்தனியாக எழுதத் தெரிந்தவரே சேகரிப்பாளர். மார்பு அழுந்தியது என்று ஒரு பத்தியில், அதைப் பேய் என்று சொன்னார் என்று அடுத்த பத்தியில். ஹஃபோர்ட் கற்றுத்தந்தது இவ்வளவுதான். ஆனால் அதற்கு நூறு ஆண்டு ஆயிற்று.

அப்படி எழுதிவைத்தால் சில சமயம் விடையே கிடைத்துவிடுகிறது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். பழைய வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆளில்லாத அறையில் காலடி ஓசை. யாரோ பின்தொடர்வது போன்ற உணர்வு. கறுப்பு உடையில் ஒரு பெண். இவற்றோடு, தலைவலியும் பிள்ளைகளின் முகம் வெளிறியதும் தொட்டிச் செடிகள் வாடியதும் அந்தப் பதிவில் இருந்தன. பேய்க் கதைக்குத் தேவையில்லை என்று யாரும் செடிகளை வெட்டி எறியவில்லை. கடைசியில் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி கார்பன் மோனாக்சைடு அறைகளில் கசிந்தது தெரியவந்தது. பழுது நீங்கியதும் எல்லாம் நின்றன. விடைக்கான தடயங்களில் அந்த வாடிய செடிகளும் உண்டு.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. அது முற்பிறவிக் கதைகளால் வந்தது. 1930களில் டெல்லிச் சிறுமி சாந்தி தேவி, மதுராவில் வாழ்ந்து பிரசவத்துக்குப்பின் இறந்த பெண் நானே என்றாள். காந்தி அக்கறை காட்டினார். 15 பேர் கொண்ட குழு 1935இல் அவளோடு மதுராவுக்கு ரயிலேறியது. ஆனால் அதற்கு முன்பே அந்தப் ‘பழைய கணவர்’ டெல்லிக்கு வந்து அவளைச் சந்தித்துவிட்டிருந்தார். இரண்டு குடும்பங்களும் கலந்தபின் யார் எதை முதலில் சொன்னார்கள் என்று பிரிக்க முடியாது. வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1966இல் அவர் வெளியிட்ட 20 சம்பவங்களில் ஏழு இந்தியாவைச் சேர்ந்தவை, மூன்று இலங்கையைச் சேர்ந்தவை. பின்னர் அவர் கோப்பில் 2,500க்கு மேல் சேர்ந்தன. அவற்றில், குடும்பங்கள் சந்திக்குமுன் குழந்தை சொன்னதை யாராவது எழுதிவைத்தவை மிகச் சிலவே. இன்னஸின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. ஸ்டீவன்சனுக்கும் அது தெரியும்; அந்தச் சிலவற்றைத்தான் அவர் பொன்போல் மதித்தார்.

அவருக்கு வலுவான மறுப்புகளில் ஒன்று தாம்பரத்திலிருந்து போனது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சி. டி. கே. சாரி, மறுபிறவியை நம்பும் பண்பாடே இக்கதைகளுக்கு வார்ப்புத் தருகிறது, பிறழ்ந்த நினைவு மீதியைச் செய்கிறது என்று தொடர்ந்து எழுதினார். பெங்களூரு நிம்ஹான்ஸில் பணிபுரிந்த சத்வந்த் பஸ்ரிச்சா ஸ்டீவன்சனின் பக்கம் நின்றவர். ஆனால் அவரே கவனித்த ஒன்று சாரிக்கும் தீனி போடுகிறது. ஆக்ரா மாவட்டக் கிராமங்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் வீதம் கிடைத்த இந்தச் சம்பவங்கள் தென்னிந்தியாவில் ஏன் இவ்வளவு குறைவு என்று 2001இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார். மறுபிறவி நம்பிக்கை நம்மிடமும்தான் இருக்கிறது. வடக்கே ஒரு குழந்தை ‘என் வீடு அந்த ஊரில்’ என்று உளறினால் கேட்கக் காது இருக்கிறது, தேடிப்போகக் கால் இருக்கிறது. இங்கே அதே உளறலைத் தாய் அதட்டி அடக்கிவிடக்கூடும். இது என் ஊகம். அப்படியானால் சேகரிப்பு அளப்பது பிறவிகளின் எண்ணிக்கையை அல்ல, காதுகளின் எண்ணிக்கையை. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் இன்னொரு துருவம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த அந்தப் பகுத்தறிவாளர், பேய் பிடித்த வீடுகளுக்கு நேரில் போய், அங்கே மனம் நொந்து கிடந்த மனிதரைக் கண்டுபிடித்தார். பேய் எறிந்ததாகச் சொன்ன கல்லை எறிந்தது யார் என்பதோடு ஏன் எறிந்தார் என்பதையும் கேட்டவர் அவர்.

ஏன் என்ற அந்தக் கேள்வியே சேகரிப்பின் இன்னொரு பயன். 1971இல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறக்குறைய பாதிப்பேர் இறந்த கணவரையோ மனைவியையோ உணர்ந்திருந்தார்கள்: அறையில் இருப்பதாக, குரலாக, உருவமாக, தொடுகையாக. அரண்டவர்கள் அல்ல இவர்கள். மூவரில் இருவருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் பத்தில் ஏழு பேர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ரீஸ் கேட்டிராவிட்டால், தனக்கு மட்டும் புத்தி பேதலித்துவிட்டது என்ற பயத்தோடு அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆவி உண்டா என்பதற்கு அந்த ஆய்வு விடை சொல்லவில்லை. துக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சொன்னது. மருத்துவர்கள் இன்று இதைத் துக்கத்தின் இயல்பான பகுதியாக எண்ணுவதற்கு அது ஒரு காரணம்.

ஜப்பானில் யனகிதா குனியோ 1910இல் ‘தோனோ மோனோகதாரி’ என்ற நூலை வெளியிட்டார். தோனோ என்ற மலைநாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிய 119 சிறு பதிவுகள். அதில் ஒன்று 1896இல் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையைத் தாக்கிய பேரலையைப் பற்றியது. அலையில் மனைவியை இழந்தவர் ஓர் இரவு பனிமூட்டத்தில் கரையோரம் அவளைக் காண்கிறார். கூடவே, அலையில் இறந்த இன்னோர் ஆண். கல்யாணத்துக்கு முன் அவள் விரும்பியவன். இப்போது இவரோடுதான் இருக்கிறேன் என்கிறாள். பிள்ளைகள்மேல் பாசம் இல்லையா என்று கேட்கிறார். அவள் முகம் மாறி அழுகிறாள். பிறகு இருவரும் மலைத் திருப்பத்தில் மறைகிறார்கள். யனகிதா இதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

அதே வடகிழக்குக் கடற்கரையை 2011 மார்ச் 11 அன்று சுனாமி மீண்டும் தாக்கியது. இஷினோமாகி நகரில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தன் பட்ட ஆய்வுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட டாக்ஸி ஓட்டுநர்களைச் சந்தித்து, அதன்பின் விநோதமாக எதையாவது கண்டீர்களா என்று கேட்டார். பலர் கோபப்பட்டார்கள். பலர் பேசவில்லை. ஏழு பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், பேரலைக்குச் சில மாதங்களுக்குப்பின், கோடைத் தொடக்கத்தில், ரயில் நிலையத்தருகே தடித்த மேல்கோட்டு அணிந்த பெண்ணை ஏற்றிக்கொண்டார். மினாமிஹாமா போகவேண்டும் என்றாள். அங்கே இப்போது எதுவும் இல்லையே என்றார் ஓட்டுநர். ‘நான் செத்துவிட்டேனா?’ என்று நடுங்கும் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் பின் இருக்கை காலி.

பயணி ஏறியதும் ஓட்டுநர்கள் மீட்டர் போட்டிருந்தார்கள். மீட்டர் ஓடினால் யாராவது காசு கொடுக்கவேண்டும். அவர்களே சொந்தப் பையிலிருந்து கட்டினார்கள். வராத கட்டணத்தைக் குறித்துவைத்த பதிவும் இருந்தது. 1887இல் இன்னஸ் கேட்ட தாள், தேதியோடு, இப்படி ஒரு டாக்ஸிக் கணக்கில் கிடைத்தது. அன்றைக்கு அந்த நேரத்தில் ஓட்டுநர் ஒருவர் பயணி ஏறியதாக நம்பினார், வண்டியை ஓட்டினார், காசு வரவில்லை என்பதற்கு அது சாட்சி. பின் இருக்கையில் யார் இருந்தார் என்பதற்கு அது சாட்சியல்ல. இரண்டையும் அதனதன் அளவில் நிறுத்திவைத்து அந்த மாணவி எழுதினார்.

அந்த ஓட்டுநர்களிடம் பயம் இருக்கவில்லை, மரியாதைதான் இருந்தது என்கிறது அவர் பதிவு. பேரலையில் தாயை இழந்த ஓட்டுநர் ஒருவர், இன்னொரு முறை அப்படி யாராவது கைகாட்டினால் வண்டியில் ஏற்றிக்கொள்வேன் என்றார்.